வண்டியை நிறுத்துவதற்கு முன்: வட சென்னைத் தூய்மைப் பணியாளர்களுக்கான வேலைநிறுத்தக் கணக்கு

சம்பளம் ஏறாத மாதத்தில், எட்டாம் தேதி காலை மஸ்டர் (வருகைப் பதிவு) எடுத்த கையோடு பேச்சு கிளம்பும். ஒருவர் பேட்டரி வண்டியை ஓரங்கட்டிவிட்டு உட்காருவார். பத்துப் பேர் கூடுவார்கள். பதினோரு மணிக்குள் இன்ஸ்பெக்டர் வந்து, "நாளைக்குப் போட்டுடுவாங்கம்மா, எழுந்து போய் தெருவப் பாருங்க" என்பார். கூட்டம் கலைந்துவிடும். அடுத்த மாதச் சீட்டில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பதில் பல நாள் பிடித்திருப்பார்கள்.

இப்படிப் பிடிக்கச் சட்டமே வழி விடுகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ கூடிப் பேசி, முன்னறிவிப்பும் தக்க காரணமும் இல்லாமல் வேலைக்கு வராவிட்டால், வராத நாளுக்கான கூலி போக இன்னும் எட்டு நாள் கூலி வரை பிடிக்கலாம். வேலை நிபந்தனையில் அப்படி எழுதியிருந்தால் போதும். பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்த விதி புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. கோபத்தில் உட்காரும் பத்துப் பேருக்காகவே எழுதி வைத்தது போல இருக்கும். அதனால் நிறுத்துவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் வைத்துக்கொண்டு, கணக்கிலிருந்து தொடங்குங்கள்.

முதலாளி யார்?

ஒரே தெருவில் பெருக்கும் நான்கு பேருக்கு நான்கு வகை வேலை இருக்கலாம்: மாநகராட்சி நிரந்தரப் பணியாளர், நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக் குழு வழியாக வந்தவர், தினக்கூலி, காண்ட்ராக்ட் கம்பெனி ஆள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று 1 முதல் 6 வரையிலான மண்டலங்களில் எந்த வார்டைப் பார்த்தாலும் இந்தக் கலவையில் ஏதாவது ஒன்று தெரியும். ஒவ்வொருவருக்கும் விதி வேறு.

நிரந்தரப் பணியாளருக்குத்தான் ஆபத்து அதிகம். அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வதை நடத்தை விதிகள் தடுக்கின்றன. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே அடியாக வேலை நீக்கப்பட்டார்கள். அந்த ஆகஸ்டில் ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்றது. பலர் பிறகு வேலைக்குத் திரும்பினாலும் தீர்ப்பு அப்படியே நிற்கிறது. நிரந்தரப் பணியாளர்கள் கோரிக்கை அட்டை அணிவது, உணவு இடைவேளையில் ஆர்ப்பாட்டம் செய்வது, விதிப்படி மட்டும் வேலை பார்ப்பது என்று போவது நல்லது.

காண்ட்ராக்ட் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி. கம்பெனி கொடுக்கவில்லை என்றால் முதன்மை முதலாளியான மாநகராட்சி கொடுத்தாக வேண்டும், பிறகு காண்ட்ராக்டர் பில்லில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆகவே எந்த மனுவானாலும் இரண்டு முகவரிக்கும் போகட்டும். கம்பெனிக்கு மட்டும் எழுதுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. டெண்டர் மாறி, கம்பெனி பெயர்ப்பலகை மாறியதும் அந்த மனுவுக்குப் பதில் சொல்ல ஆளே இருக்க மாட்டார்.

மாநகராட்சி, குடிநீர் வாரியம், மாநகரப் பேருந்து, மின்வாரியம் தொடர்பான தகராறுகள் மாநிலத் தொழிலாளர் துறைக்குப் போகும். துறையின் தலைமை அலுவலகம் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் துப்புரவு காண்ட்ராக்டில் இருப்பவர்களுக்கு அது செல்லாது. அவர்கள் போக வேண்டிய இடம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம். இடம் மாறிக் கொடுத்த மனுவைத் திருப்பி அனுப்பவே ஒரு மாதம் ஆகிவிடும்.

சம்பளச் சீட்டை எப்படிப் படிப்பது

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். இதில் வரும் நாள்கூலி உதாரணத்துக்கு மட்டும். உங்கள் சீட்டில் உள்ளதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாள்கூலி ரூ.550, வேலை நாள் 26 என்றால் மொத்தம் ரூ.14,300. இதில் உங்கள் பிஎஃப் 12 சதவீதம், ரூ.1,716. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம், ரூ.107.25. பைசா வந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றுவார்கள், ஆக ரூ.108. கைக்கு வர வேண்டியது ரூ.12,476.

முதலாளி இதற்கு மேல் தன் கையிலிருந்து பிஎஃப் 12 சதவீதமும் இஎஸ்ஐ 3.25 சதவீதமும் போட வேண்டும். அதுவும் உங்கள் கூலியிலிருந்தே போயிருந்தால் கைக்குப் பத்தாயிரத்துச் சொச்சம்தான் வரும். "கம்பெனி பங்கும் உங்க சம்பளத்துல சேத்துதான்மா பேசினது" என்பார்கள். குறைந்தபட்சக் கூலியில் முதலாளி பங்கைச் சேர்க்கக் கூடாது. டெண்டரில் ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட தொகையில் இரண்டு பங்கும் அடங்கியிருக்கும். அந்தத் தொகையைச் சம்பளம் என்று வாயால் சொல்லிவிட்டு, கையில் தரும்போது இரண்டு பங்கையும் கழித்துவிடுவார்கள். ஆறாயிரம், ஏழாயிரம் குறைகிறது என்று சொல்லப்படும் பல தகராறுகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சீட்டில் இன்னும் நான்கு இடங்களைப் பாருங்கள். ஓவர்டைம் பார்த்த நேரத்துக்கு இரட்டைக் கூலி போட்டிருக்கிறதா? தேசிய விடுமுறையில் வேலை பார்த்ததற்கு என்ன கொடுத்தார்கள்? யூனிஃபார்ம், கையுறை, வண்டி ரிப்பேர் என்று ஏதாவது பிடித்தம் உண்டா? மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டுகிறதா? தாண்டக் கூடாது. கையுறை, முகக்கவசம், ஒளிரும் மேல்சட்டை, மழைக்கோட்டு, காலணி ஆகியவற்றைக் கொடுக்கும் பொறுப்பைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வேலை கொடுப்பவர் மேல் வைக்கின்றன. அதற்கு உங்கள் சம்பளத்தைத் தொடக் கூடாது.

அடுத்து, உள்ளாட்சி அமைப்புகளில் வேலைக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியோடு உங்கள் நாள்கூலியை ஒப்பிடுங்கள். அதில் அடிப்படை, பஞ்சப்படி என்று இரண்டு பகுதி. பஞ்சப்படி ஒவ்வோர் ஏப்ரல் 1-லும் மாறும். மே மாதச் சீட்டிலும் மார்ச் மாதத் தொகையே இருந்தால் அங்கே ஒரு பாக்கி நிற்கிறது என்று அர்த்தம். குறைவாகக் கொடுத்த கூலியைக் கேட்டு மூன்று வருடம் வரை மனுப் போடலாம்.

காகிதம் சேர்ப்பது

சேர்க்க வேண்டியவற்றில் பிஎஃப் பாஸ்புக்குக்கு ஈடு எதுவும் இல்லை. கம்பெனி பெயர், மாதம், கட்டிய தொகை மூன்றும் அரசுப் பதிவில் இருக்கும். "இந்த ஆள் எங்களிடம் வேலை பார்க்கவே இல்லை" என்று யாரும் மறுக்க முடியாது. அரசின் உமங் செயலியில் யூஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணைப் போட்டு மாதம் ஒரு முறை இறக்கி வையுங்கள். ஆதார் பெயரிலும் பிஎஃப் பெயரிலும் ஒரு எழுத்து மாறினாலும் பிறகு பணம் எடுக்க அலைய வேண்டும். அதை இப்போதே திருத்துங்கள், தகராறு வந்த பிறகு கம்பெனி கையெழுத்துப் போடாது.

பிஎஃபுக்கு அடுத்தபடி வங்கிப் பாஸ்புக், அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், முகம் பார்த்து வருகை பதியும் செயலியின் ஸ்கிரீன்ஷாட், மஸ்டர் பக்கத்தின் போட்டோ, சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்ட டூட்டிப் பட்டியல். போனில் மட்டும் வைத்தால் போன் தொலைந்த அன்று எல்லாம் போய்விடும். வார்டுக்கு ஒருவர் பிரிண்ட் எடுத்து, ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர் என்று வைக்கட்டும்.

இருபத்து நான்கு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. மாநகராட்சி வேலைக்கு, அதுவும் காண்ட்ராக்ட் ஆளுக்கு, அது எந்த அளவு பொருந்தும் என்பது வழக்காடி முடிவாகும் சங்கதி. எந்த வக்கீலிடம் போனாலும் முதலில் கேட்பது அந்த 480 நாளுக்கான காகிதம்தான். அதே சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு: சட்டவிரோதம் அல்லாத வேலைநிறுத்த நாட்கள் தொடர் பணியை உடைக்காது. முறையாக நோட்டீஸ் கொடுத்து நிற்பவருக்கும் திடீரென்று உட்காருபவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் வருகிறது.

டெண்டர் விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "எங்கள் சம்பளம் ஏன் குறைவு?" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆவணமாகக் கேளுங்கள்: இந்த மண்டல ஒப்பந்தத்தின் நகல், ஒரு பணியாளருக்கு ஒரு நாளுக்கு என்று ஒப்பந்தத்தில் கண்ட தொகை, கடந்த மூன்று மாதம் இந்த வார்டுக்கு எத்தனை பணியாளர் என்று பில் பாஸ் ஆனது, அந்த மாதங்களின் பிஎஃப் செலான். பில்லில் உள்ள ஆள் எண்ணிக்கையைக் காலை மஸ்டரில் நிற்பவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், கூலி உயர்வைவிடக் கனமான கோரிக்கை உங்கள் கையில் இருக்கிறது. வணிக ரகசியம் என்று மறுத்தால் பயப்பட வேண்டாம். மாநகராட்சிப் பணத்தில் நடக்கும் ஒப்பந்தம் என்பதையே மேல்முறையீட்டில் எழுதுங்கள்.

கோரிக்கைப் பட்டியல்

இருபது கோரிக்கை எழுதினால் பேச்சுவார்த்தையில் பதினெட்டாவதைக் கொடுத்து அனுப்புவார்கள். மழைக்கோட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஐந்துக்கு மேல் வேண்டாம். அவற்றையும் இரண்டாகப் பிரியுங்கள். சட்டப்படி ஏற்கெனவே தர வேண்டியது ஒன்று: குறைந்தபட்சக் கூலி பாக்கி, ஏழாம் தேதிக்குள் சம்பளம், பிஎஃப் கட்டாத மாதங்கள். புதிதாகக் கேட்பது மற்றது: நாளுக்கு நூறு ரூபாய் உயர்வு, நேரடிப் பணியமர்த்தல். முதல் வகைக்கு வேலைநிறுத்தமே தேவைப்படாமல் போகலாம், கூலிக்குத் தொழிலாளர் துறையிலும் பிஎஃபுக்குப் பிஎஃப் அலுவலகத்திலும் தொகை கேட்டு மனுப் போட்டாலே வரும். அதைத் தனியாக ஓட விடுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால், "பாக்கியைத் தருகிறோம், உயர்வை விடுங்கள்" என்று உங்கள் பணத்தையே உங்களுக்குச் சலுகையாக நீட்டுவார்கள்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் தொகை, தேதி, யார் தர வேண்டும் என்று எழுதுங்கள். "நியாயமான ஊதியம்" என்று எழுதினால் எதிர்த்தரப்பு அதைத் தாராளமாக ஏற்றுக்கொள்ளும்.

எத்தனை நாள் தாங்கும்?

அதே ரூ.550 கணக்கு. பத்து நாள் நின்றால் ரூ.5,500 போகும். முறையில்லாமல் நின்று எட்டு நாள் பிடித்தமும் விழுந்தால் இன்னும் ரூ.4,400, ஆக ரூ.9,900. நாளுக்கு நூறு ரூபாய் உயர்வு கிடைத்தால் மாதம் ரூ.2,600 கூடும். அப்படியானால் முறையாக நின்ற பத்து நாள் இழப்பு இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் வேலை பார்த்தால் ஈடாகும், முறை தவறியதற்கு நான்கு மாதம் ஆகும். கேட்கும் உயர்வு முப்பது ரூபாய் என்றால் அதே பத்து நாளை மீட்க ஏழு மாதம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய பிறகு வாக்கெடுங்கள். நின்ற நாளுக்கும் சம்பளம் வாங்கித் தருகிறோம் என்று யாரும் முன்கூட்டி வாக்குக் கொடுக்க வேண்டாம். வேலைநிறுத்தம் சட்டப்படியானதாகவும் நியாயமானதாகவும் இரண்டுமாக இருந்தால்தான் அந்தச் சம்பளத்தைக் கேட்க முடியும் என்று 1994-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வீட்டுக் கணக்கு வேறு. ரேஷன் அரிசி இருக்கும், சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை. கைக்காசு போவது வாடகை, கேஸ், பால், சர்க்கரை மாத்திரை, குழுக் கடன் தவணை இவற்றுக்குத்தான். இதில் குழுக் கடன்தான் வேலைநிறுத்தத்தை உடைக்கும். வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் உட்கார்ந்தால், ஆறாம் நாள் அந்த அம்மா வண்டியைத் தள்ளப் போய்விடுவார். அவரைக் கருங்காலி என்று திட்டி ஒரு பயனும் இல்லை. எந்த வார்டில் எத்தனை பேருக்கு எந்தக் கிழமை தவணை என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு முன்பிருந்தே வாரம் ஐம்பது ரூபாய் போட்டால் எட்டு வாரத்தில் ஆளுக்கு நானூறு. முந்நூறு பேர் போட்டால் ரூ.1,20,000 சேரும். அதைச் சோற்றுப் பொட்டலத்துக்குச் செலவழிக்காதீர்கள், சோற்றுக்கு அரிசியாகவே தர ஆள் வருவார்கள். பணம் வாடகைக்கும் மாத்திரைக்கும் தவணைக்கும் போகட்டும். சங்கத்தின் பெயரில் கணக்கு, மூன்று பேரில் இருவர் கையெழுத்து. தனி ஆளின் ஜிபே எண்ணில் வசூலித்தால் சண்டை நிச்சயம்.

ஒருவர் இஎஸ்ஐ விடுப்பிலோ மகப்பேறு விடுப்பிலோ இருந்தால் வேலைநிறுத்தப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காதீர்கள். வேலைநிறுத்தத்தில் இருக்கும் நாளுக்குப் பொதுவாக நோய்க்காலப் பணம் கிடையாது. பட்டியலில் அவர் பெயர் இருந்தால், கிடைத்துக்கொண்டிருப்பதற்கும் சிக்கல் வரலாம்.

வாக்கெடுப்பு

வேலைநிறுத்தத்துக்கு ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் நடத்துங்கள். கைதூக்கச் சொன்னால் எல்லோரும் தூக்குவார்கள். அது பக்கத்தில் நிற்பவருக்காகத் தூக்கிய கை.

கூட்டத்தைக் காலை ஷிப்ட் முடிந்த உடனே, வார்டு ஆபீஸுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மாலை ஆறு மணி என்றால் பெண்கள் வர மாட்டார்கள், அது தண்ணீர் பிடித்துப் பிள்ளைக்குச் சாப்பாடு போடும் நேரம். ஆளுக்கு ஒரு வெள்ளைச் சீட்டு, ஒரு மஞ்சள் சீட்டு கொடுங்கள். வெள்ளை என்றால் வேலைநிறுத்தம், மஞ்சள் என்றால் வேறு வழிப் போராட்டம். ஒன்றை மடித்துப் பிஸ்கட் டின்னில் போட வேண்டும், மற்றதை வேறொரு சாக்கில். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் உதவி தேவைப்படாது. டின்னை எல்லோர் முன்னாலும் டேப் ஒட்டி மூடி, அங்கேயே பிரித்து, அங்கேயே எண்ணுங்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் எண்ணினால் அந்த எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள்.

மொத்தத்தில் எண்பது சதவீதம் வெள்ளை என்று மகிழ்ந்துவிட வேண்டாம், வார்டு வாரியாகப் பாருங்கள். ஏழு வார்டில் தொண்ணூறும் ஒரு வார்டில் முப்பதும் வந்தால், அந்த ஒரு வார்டிலிருந்துதான் மற்ற ஏழுக்கும் ஆள் அனுப்புவார்கள். அங்கே போய் உட்கார்ந்து பேசிவிட்டு மறுபடி வாக்கெடுங்கள். டிரைவர்களைத் தனியாக எண்ண வேண்டும். அறுபது பேர் துடைப்பத்தைக் கீழே போட்டாலும் மூன்று காம்பாக்டர் (குப்பையை அழுத்தி ஏற்றும் லாரி) ஓடினால் பெரிய தொட்டிகள் காலியாகிவிடும், மண்டல அலுவலகத்துக்குப் பதற்றம் வராது. அவர்கள் வேறு ரேட்டில், சில இடத்தில் வேறு கம்பெனியில் இருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு கோரிக்கை பட்டியலில் இல்லாமல் அவர்கள் வர மாட்டார்கள்.

பிளவு எங்கே விழும் என்பதைப் பெரம்பூர் ஒரு முறை பார்த்திருக்கிறது. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணைத் தலைவராக சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1921-ல் பின்னி மில்லில் மாதக்கணக்கில் நீண்ட போராட்டத்தில் ஆதி திராவிடத் தொழிலாளர்கள் உள்ளே போக, சாதி இந்துத் தொழிலாளர்கள் வெளியே நிற்க, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போராட்டம் தோற்றது. இன்று பிரிவு நிரந்தரம், குழு, காண்ட்ராக்ட் என்ற பெயர்களில் நிற்கிறது. காண்ட்ராக்ட் ஆள் நிற்கும்போது அவர் தெருவை நிரந்தரப் பணியாளர் பெருக்க மாட்டார் என்ற உறுதியையாவது, கையெழுத்தோடு, முன்கூட்டி வாங்கி வையுங்கள்.

அந்தச் சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர்கள் மேல் மில் முதலாளிகள் உயர் நீதிமன்றத்தில் போட்ட நஷ்டஈட்டு வழக்குதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு காரணம். பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் நோட்டீஸ் போக வேண்டும் என்று சொல்வது அதனால்தான். பதிவு இல்லாத குழுவுக்கு அப்படிப்பட்ட வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடையாது. புதிதாகப் பதிவு செய்ய நேரமில்லை என்றால் ஏற்கெனவே உள்ள சங்கத்தில் கிளையாகச் சேருங்கள்.

நோட்டீஸும் நாட்காட்டியும்

பொதுத் துப்புரவு வேலை பழைய தொழில் தகராறுச் சட்டத்திலேயே பொதுப் பயன்பாட்டுச் சேவை. அதனால் தூய்மைப் பணியாளருக்கு 14 நாள் நோட்டீஸ் புதிதல்ல. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அதை எல்லாத் தொழிலுக்கும் நீட்டியது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூடிப் பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தமாகவே கணக்கு. "ஸ்ட்ரைக் இல்லை, எல்லோருக்கும் காய்ச்சல்" என்ற பழைய தந்திரம் இனி எடுபடாது.

தேதி போட்டுப் பார்ப்போம். மார்ச் 2-ல் நோட்டீஸ் கொடுக்கிறீர்கள். மார்ச் 16 வரை நிறுத்தக் கூடாது. நோட்டீஸின் ஆயுள் 60 நாள்தான், ஏப்ரல் முடிவதற்குள் தொடங்க வேண்டும். நோட்டீஸ் கிடைத்த ஐந்து நாளில் முதலாளி அதை அரசுக்கும் சமரச அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். அவரை நம்பி இருக்காமல் நீங்களே ஒரு நகல் கொடுங்கள். சமரச அலுவலர் முதல் கூட்டம் நடத்தும் நாளில் சமரசம் தொடங்கியதாகக் கொள்ளப்படும். அது மார்ச் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் வந்த வழக்கில் அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும், அது மார்ச் 24. சமரசம் நடக்கும்போதும் முடிந்த பின் ஏழு நாளும் நிறுத்தக் கூடாது, அதாவது மார்ச் 31 வரை. மார்ச் சம்பளம் ஏப்ரல் 7-க்குள் வந்துவிடும். ஆகவே நோட்டீஸில் போட வேண்டிய தேதி ஏப்ரல் 9. சம்பளம் கையில் வாங்கிக்கொண்டு நிற்பதற்கும் பாக்கி வைத்துவிட்டு நிற்பதற்கும் வித்தியாசம் பெரிது.

இதில் மூன்று இடத்தில் சறுக்கும். சமரசம் தோற்றது என்று அலுவலர் எழுத்தில் பதிய வேண்டும். "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று இழுத்தால் தடையும் கூடவே நீளும். ஒவ்வொரு கூட்டத்திலும் நடந்ததை எழுதி வாங்குங்கள். இரண்டாவது, தீராத சங்கதியை எந்தத் தரப்பும் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே வழக்கு நிற்கும் வரையிலும், முடிந்த பின் 60 நாளும் நிறுத்தக் கூடாது. முதலாளி முந்திக்கொண்டு அங்கே போனால் உங்கள் தேதி செத்துவிடும், அன்றே வக்கீலைப் பாருங்கள். மூன்றாவது, சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் சேரும் தொழிலாளிக்கு ரூ.1,000 முதல் ரூ.10,000 வரை அபராதமோ ஒரு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தூண்டியவருக்கு அபராதம் ரூ.10,000-லிருந்து தொடங்கும். மைக் பிடிப்பவர் இதைத் தெரிந்து பிடிக்கட்டும்.

நோட்டீஸில் செயலாளரும், வாக்கெடுத்துத் தேர்ந்த ஐந்து பிரதிநிதிகளும் கையெழுத்திடுங்கள். கம்பெனி, மாநகராட்சி ஆணையர், மண்டல அலுவலர், தொழிலாளர் துறைச் சமரச அலுவலர் என நான்கு நகல். நேரில் கொடுத்து முத்திரை வாங்கிய அன்றே ஸ்பீட் போஸ்ட்டிலும் போடுங்கள். வார்டு ஆபீஸ் கிளார்க் வாங்கி மேஜையில் வைத்த நோட்டீஸ் கொடுக்காத நோட்டீஸ்தான்.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. வடகிழக்கு மழைக்காலத்தில் நின்றால் நெருக்கடி சீக்கிரம் வரும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் வடிகால் அடைத்துச் சாக்கடை வீட்டுக்குள் போகும்போது அந்த வீடுகளில் இருப்பவர்கள் உங்கள் சொந்தக்காரர்கள். ஆதரவு மூன்று நாளில் போய்விடும். போகிக்கும் தீபாவளிக்கும் மறுநாள் அப்படியல்ல, குப்பை தெரியும், ஆனால் யார் வீட்டிலும் தண்ணீர் ஏறாது.

நிற்கும் இடம்

வேலையை நிறுத்துவது ஒன்று, நடைபாதையில் உட்காருவது இன்னொன்று. நோட்டீஸ் சரியாக இருந்தாலும் உட்காரும் இடத்துக்குத் தனி அனுமதி வேண்டும். 2025 ஆகஸ்ட் 1-ல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் தொடங்கிய போராட்டம் 13 நாள் நீடித்தது. நடைபாதையை மறித்து அனுமதியில்லாமல் இருப்பதாக உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. அந்த உத்தரவை வைத்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. சம்பளமும் தனியார்மயமும் என்ற பெரிய கேள்வி ஒரு பக்கம் இருக்க, கூட்டத்தைக் கலைத்தது நடைபாதை என்ற சிறிய கேள்வி.

சென்னை மாநகரப் போலீஸிடம் ஐந்து நாளுக்கு முன் எழுத்தில் கேளுங்கள்: நாள், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் பெயர், ஒலிபெருக்கி உண்டா. மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள், அதை வைத்து நீதிமன்றம் போகலாம். எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் அருகே, சேப்பாக்கம் சிவானந்தா சாலை போன்ற வழக்கமான இடங்களை மாற்றாகக் குறிப்பிட்டால் அனுமதி எளிதில் கிடைக்கும். ரிப்பன் மாளிகை வாசல் கண்ணுக்குத் தெரியும் இடம், உண்மைதான். ஒரு நாள் மனுக் கொடுக்க அங்கே போங்கள், இரவு தங்க வேண்டாம்.

இரவில் இருக்க நேர்ந்தால், சூரியன் மறைந்த பின் விடியும் வரை பெண்களைக் கைது செய்ய விதிவிலக்கான காரணமும், பெண் அதிகாரியும், நடுவரின் முன் அனுமதியும் வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சொல்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். ஆள் பெயர், வீட்டுப் போன், தினமும் போடும் மாத்திரை என்று ஒரு பட்டியல் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவர் கூட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மண்டபத்தில் அடைக்கும்போது யாரை எங்கே கொண்டு போனார்கள் என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும்.

நிற்கும் நாட்களில்

தினமும் காலை மஸ்டர் நேரத்துக்கே கூடி உங்கள் சொந்த வருகைப் பதிவு எடுங்கள். யார் வரவில்லை என்று அன்றே தெரியும், அன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். மூன்று நாள் கழித்துப் போனால் அவர் வேலையில் இருப்பார். வெளி ஆள் இறங்கினால் போட்டோ எடுங்கள், வண்டியை மறிக்காதீர்கள். ஒரு டயரில் காற்றை இறக்கினால் அதற்கான வழக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகும் நடந்துகொண்டிருக்கும்.

ஸ்டான்லி, ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனை வாசல் குப்பையையும் செத்த விலங்குகளையும் மட்டும் எடுப்போம் என்று நோட்டீஸிலேயே எழுதி, அதற்கு ஆள் போட்டு, செய்யவும் செய்யுங்கள். தெருக்களுக்கு நான்கு வரித் துண்டறிக்கை போதும்: நாள்கூலி எவ்வளவு, கேட்பது எவ்வளவு, எப்போது நோட்டீஸ் கொடுத்தோம், வீட்டுக் குப்பையை எப்படி மூடி வைப்பது. கடைசி வரிக்காகவே அதை வீட்டில் வைத்திருப்பார்கள்.

ஒப்பந்தம்

வாய் வாக்குறுதியில் எழுந்து வராதீர்கள், அமைச்சரே சொன்னாலும். சமரச அலுவலர் முன் கையெழுத்தான ஒப்பந்தம் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். தனியாக உட்கார்ந்து போட்டது கையெழுத்திட்ட தரப்பை மட்டுமே கட்டும், அடுத்த கம்பெனி அதை மதிக்காது. மாநகராட்சியும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்.

தொகை, எந்த மாதச் சம்பளத்திலிருந்து, பாக்கி எத்தனை தவணை என்பதெல்லாம் எப்படியும் எழுதுவார்கள். விட்டுப்போவது வேறு நான்கு: நின்ற நாட்கள் விடுப்பா சம்பளமில்லா நாளா, பழிவாங்கும் இடமாற்றமோ நீக்கமோ இல்லை, போலீஸ் வழக்குகள் என்ன ஆகும், டெண்டர் மாறினால் இதே ஆட்கள் இதே கூலியில் தொடர்வார்களா. நான்காவதை எழுத மறுப்பார்கள். மறுத்ததையாவது கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். ஒப்பந்தக் காலமும் குறிக்கப்பட வேண்டும். குறிக்காவிட்டால் ஆறு மாதம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒப்பந்தம் நடப்பில் உள்ள வரை அதில் தீர்ந்த சங்கதிக்காக மறுபடி நிறுத்த முடியாது.

கையெழுத்துப் போடும் முன் அதை வார்டுகளில் தமிழில் முழுவதும் வாசித்துக் காட்டி, அதே பிஸ்கட் டின்னில் அதே இரண்டு நிறச் சீட்டில் இன்னொரு வாக்கெடுப்பு நடத்துங்கள். வேலைக்குத் திரும்பும் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில், ஒன்றாகவே மஸ்டருக்குப் போங்கள். தனித்தனியாகப் போனால் ஆறேழு பேரை மட்டும் "ஆபீஸ்ல பார்த்துட்டு வா" என்று அனுப்புவார்கள். அந்த ஆறேழு பேர் யார் என்பது உங்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் பெயர் மஸ்டரில் ஏறிய பிறகு மற்றவர்கள் துடைப்பத்தை எடுக்கட்டும்.